பாடிப் போனவர்களின் கணக்கு

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில், பொங்கலை ஒட்டி நடந்த கபடிப் போட்டியின் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



பாடிப் போவதற்கென்றே பிறந்தவர் என்று சொல்லத்தக்க ஓர் ஆட்டக்காரருடைய சரித்திரத்தை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் நம் சீமைக்காரர் அல்லர். ஹரியானா மாநிலத்துச் சோனிபத் மாவட்டத்தில் ரிந்தானா என்னும் கிராமத்தில் 1997ஆம் ஆண்டு பிறந்த உழவர் வீட்டுப் பிள்ளை. பெயர் பர்தீப் நர்வால். புரோ கபடி லீக்கில் பத்துப் பருவங்களில் 190 ஆட்டங்கள் ஆடி, பாடிப் போன வகையில் மாத்திரம் 1801 புள்ளிகள் ஈட்டிவிட்டு, 2025ஆம் ஆண்டில், தம்முடைய இருபத்தெட்டாம் வயதிலேயே ஓய்வு பெற்றார். அந்த லீக்கில் அவருக்கு முன்னே ஒருவரும் அத்தனை புள்ளிகளை எட்டியதில்லை.

1801 என்று வாயால் சொல்லிவிடுவது எளிது. அந்தப் புள்ளிகளை ஈட்டுவதற்காக ஒரு மனிதன் தன்னந்தனியனாய் நடுக்கோட்டைத் தாண்டி, தன்னை மடக்கி அமுக்குவதற்கென்றே எழுவர் காத்திருக்கும் பக்கத்துக்குள், விடாது பாடிக்கொண்டே புகுந்து, முப்பது விநாடிக்குள் தொட்டுவிட்டு மீளுகின்ற அந்தப் பிரயாசையைப் பத்து ஆண்டுக் காலம், ஆட்டத்துக்குப் பல தடவையாகச் செய்துகொண்டே இருந்திருக்கிறான் என்பதை எண்ணிப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணின் கனம் விளங்கும். பிடிபட்ட பாட்டுகள் அதில் சேரா. வெறுங்கையோடு திரும்பிய பாட்டுகளும் சேரா. ஆனால் தேகம் அவற்றுக்கும் விலை கொடுத்தேதான் இருக்கிறது.

உலகத்தில் இதற்கு ஒப்பான காரியம் வேறு எந்த ஆட்டத்திலாவது உண்டா என்று தேடினால், அமெரிக்க நாட்டுக் கால்பந்தாட்டத்தில் ஒன்று தென்படுகிறது. பெயர்தான் கால்பந்தே ஒழியப் பந்து அங்கே பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ரன்னிங் பேக் எனப்படுபவர் அந்தப் பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, தம்மிலும் பருத்த எதிரிகளின் கூட்டத்துக்குள் புகுந்து, அவர்கள் தம்மைத் தரையில் சாய்க்கும்வரை எத்தனை கெஜம் முன்னேற முடியுமோ அத்தனை கெஜம் முன்னேறுவார். எம்மிட் ஸ்மித் என்பவர் 1990 முதல் 2004 வரை பதினைந்து பருவங்கள் இந்த வேலையைச் செய்தார். 4,409 தடவை பந்தைச் சுமந்து ஓடி 18,355 கெஜம் கடந்தார். அதற்கு முன் வால்டர் பேட்டன் என்ற மகாவீரர் 16,726 கெஜம் ஓடி வைத்திருந்த சாதனையை 2002ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இவர் தாண்டினார். ஸ்மித் பதினைந்து ஆண்டில் ஓடிய அவ்வளவு தூரத்தையும் ஒரே கோடாக நீட்டினால் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் ஆகும். இந்த இடத்திலிருந்து புறப்பட்டால் சிதம்பரத்துக்கு ஏறத்தாழப் பாதி வழிதான் வரும். தடவைக்கு நாலு கெஜமும் கொஞ்சமும்தான். அந்த நாலு கெஜத்துக்காக ஒவ்வொரு தடவையும் அடி, மிதி, வீழ்ச்சி. அப்படிச் சேர்த்த தொகைதான் அவருடைய கீர்த்தி.

பர்தீப்புக்கும் ஸ்மித்துக்கும் ஒரு பேதம் உண்டு. அமெரிக்க ஓட்டக்காரருக்கு முன்னால் அவருடைய அணியைச் சேர்ந்த ஐந்து பருத்த தேகிகள் நின்று, எதிரிகளைத் தள்ளி, வழி திறந்து விடுவார்கள். நம் பாட்டுக்காரனுக்கு முன்னால் யாரும் இல்லை. பக்கத்திலும் யாரும் இல்லை. கோட்டைத் தாண்டிவிட்டால் தன் அணியின் குரல்கூட அவன் காதில் விழுவது சந்தேகம். அப்படியானால் பர்தீப்பின் 1801 புள்ளிகளும் அவர் ஒருவருடைய சொத்துத்தானா என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் வருகிறேன். முதலில் அவருடைய வித்தையைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வித்தைக்கு வடக்கே டுப்கி என்று பெயர். முங்கி எழுதல் என்று நாம் சொல்லலாம். பிடிகாரர்கள் இருவர் கைகோத்துச் சங்கிலியாக வளைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாட்டுக்காரன் அந்தச் சங்கிலி மூடுவதற்கு முன்னே பக்கவாட்டில் பாய்ந்து தப்பப் பார்ப்பான். பலசாலி மோதி அறுக்கப் பார்ப்பான். உயரத் தாவுகின்ற சாமர்த்தியம் உள்ளவன் மேலே எகிறப் பார்ப்பான். பர்தீப் இவற்றில் ஒன்றையும் முதலில் செய்யமாட்டார். அவர்கள் நெருங்கட்டும் என்று, ஆபத்தை அழைப்பவர்போல, தொடுகோட்டுக்கு அப்பால் காத்து நிற்பார். அவர்களுடைய கைகள் தம் இடுப்பையோ மார்பையோ நாடி நீண்டு, அதனால் அவர்களுடைய உடல் பாரம் முன்பக்கம் சாய்ந்து, இனி அவர்கள் நினைத்தாலும் கால் மாற்றி ஊன்ற முடியாது என்ற நிலை வந்த அந்த ஒரு கணத்தில், முழங்காலை மடித்து, முதுகை வளைத்து, தலையை அவர்களுடைய அக்குளுக்கும் கீழே தாழ்த்தி, கோத்த கைகளுக்கு அடியில் முங்கி, மறுபக்கத்தில் நடுக்கோட்டை நோக்கி எழுந்துவிடுவார். முங்குகிற போதே தோளும் முதுகும் கையும் அவர்கள்மேல் பட்டுவிடுவதால், தம்மைப் பிடிக்க வந்த இருவரையோ மூவரையோ சேர்த்து வெளியேற்றிவிட்டுத்தான் திரும்புவார். பிடிகாரனுடைய பலம் அவனுக்கே எதிராகத் திரும்பிவிடுகிற யுக்தி அது. அதைச் செய்வதற்கு இடுப்பும் முழங்காலும் எவ்வளவு வலிமை பெற்றிருக்க வேண்டும் என்பதை, இங்கே நாளைக் காலை மைதானத்தில் ஒரு தடவை முயன்று பார்க்கிற இளைஞன் தானே அறிந்துகொள்வான்.

2015ஆம் ஆண்டில் பெங்களூரு புல்ஸ் அணியில் அவர் முதலில் ஆடியபோது இந்த வித்தை யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பருவம் முழுவதற்கும் 9 புள்ளிகள்தாம். மறுபருவத்தில் பாட்னா பைரேட்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த அந்தப் பருவத்தில் 116 புள்ளிகளும், அதே ஆண்டின் நடுவில் நடந்த அடுத்த பருவத்தில் 131 புள்ளிகளும் அவர் ஈட்டினார். இரண்டிலும் பாட்னாவே கோப்பையை வென்றது. இந்த இடத்தில் தமிழ்நாட்டார் பெருமிதத்தோடு நினைவுகூர வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. அந்த இரண்டாவது கோப்பையைப் பாட்னா வென்றபோது அதற்குத் தலைவராய் நின்றவர் நம் தஞ்சை மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன். நாற்பது வயதைக் கடந்த பின்னும் பிடிகாரராய் நின்று, பத்தொன்பது வயதுப் பர்தீப்பைப் போன்ற பிள்ளைகளை வழிநடத்தி, அதே 2016ஆம் ஆண்டில் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்ற அவருடைய உழைப்பு தனியே ஒரு சொற்பொழிவுக்கு உரியது.

பர்தீப்பின் பூரண சந்திரோதயம் 2017ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அணித் தலைமையும் அவர் தோளில் ஏறிய அந்தப் பருவத்தில் 26 ஆட்டங்களில் 369 புள்ளிகள் எடுத்தார். ஆட்டத்துக்குச் சராசரி 14 புள்ளி! ஓர் ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுத்தாலே சூப்பர் டென் என்று கொண்டாடுகிற லீக் அது. இறுதிச் சுற்றுக்கு முன்னோடியான வெளியேற்ற ஆட்டத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணியை எதிர்த்து அவர் ஒருவரே பாடி 34 புள்ளிகள் எடுத்தார். பாட்னா 69, ஹரியானா 30 என்று அந்த ஆட்டம் முடிந்தது. அதில் ஒரே பாட்டில், எதிர்ப்பக்கத்தில் எஞ்சி நின்ற அறுவரையும் வெளியேற்றி, ஆல் அவுட் புள்ளிகள் இரண்டும் சேர, எட்டுப் புள்ளிகளோடு அவர் திரும்பியதைப் பார்த்தவர்கள் எந்நாளும் மறக்கமாட்டார்கள். சில நாட்களில், அக்டோபர் 28ஆம் தேதி, நம் சென்னை நகரத்திலேயே இறுதியாட்டம் நடந்தது. குஜராத் அணியை 55-38 என்ற கணக்கில் பாட்னா வென்று மூன்றாம் முறையாக, அதுவும் தொடர்ச்சியாக, கோப்பையைக் கைக்கொண்டது. அந்த ஆட்டத்தில் பர்தீப் பாடிப் போய் எடுத்தவை 19 புள்ளிகள். 34 புள்ளி என்ற ஓராட்டச் சாதனையைப் பவன் செராவத் என்பவர் 2019ஆம் ஆண்டில் 39 எடுத்து முறியடித்தார். அதே ஆண்டில் ஒரு பருவத்துக்கு 369 என்ற எண்ணையும் அவர் நெருங்கி வந்தார், ஆனால் எட்டவில்லை. அதே 2019ஆம் ஆண்டிலேதான் பாட்டுப் புள்ளிகளில் ஆயிரத்தைக் கடந்த முதல் மனிதர் என்ற ஸ்தானத்தைப் பர்தீப் அடைந்தார்.

இனி, முன்பு ஒத்திவைத்த கேள்வி. கபடியில் பாட்டுக்காரன் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டியதுதான். தன் அணியில் வேறொருவன் புள்ளி எடுத்தாலொழிய அவனுக்கு உயிர் மீளாது. நாற்பது நிமிஷ ஆட்டத்தில் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் எந்தச் சூரனுக்கும் சாதனை கிடையாது. 2017இல் பர்தீப் வெளியே உட்கார்ந்த போதெல்லாம் மறுபக்கம் பாடிப் போய் அவரை உள்ளே அழைத்தவர் மோனு கோயத் என்ற இரண்டாவது பாட்டுக்காரர். பிடிகாரர்களும் தங்கள் பங்குக்கு எதிரியை அமுக்கி அவரை மீட்டார்கள். ஆகவே அமெரிக்க ஓட்டக்காரருக்கு முன்னால் வழி திறக்கும் ஐவர் நமக்கும் உண்டு. அவர்கள் பாட்டுக்காரனுக்கு முன்னால் நிற்பதில்லை, அவன் விழுந்த பிற்பாடு அவனை எழுப்புகிறார்கள். அவர்கள் எழுப்பிய தடவைகளை எந்தப் புத்தகமும் எண்ணி வைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளைய குறை.

ஏற்றத்தைச் சொன்ன அளவுக்கு இறக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பர்தீப்பும் இடம்பெற்றிருந்த இந்திய அணி அரையிறுதியில் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பியது. 1990இல் பெய்ஜிங் போட்டியில் கபடி சேர்க்கப்பட்ட நாள்முதல் தவறாமல் தங்கம் வாங்கி வந்த ஆடவர் அணிக்கு அது தாங்கொணாத அதிர்ச்சி. கொரோனாவால் 2020இல் லீக் நடக்கவில்லை. 2021 ஏலத்தில் யூ.பி. யோத்தா அணி பர்தீப்பை 1 கோடியே 65 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத தொகை. ஆனால் அதற்குள் நாடெங்கும் உள்ள பிடிகாரர்கள் அவருடைய வித்தையைப் படித்துவிட்டார்கள். கைகளை நீட்டி வளைத்தால் அவர் முங்கிவிடுவார் என்பதால் ஒருவரும் அவசரப்பட்டு நீட்டுவதில்லை. அவர் குனிவதற்காகக் காத்திருந்து கணுக்காலைப் பிடித்தார்கள். பத்தாண்டு முங்கி எழுந்த முழங்காலும் முதுகும் முன்போல ஒத்துழைக்குமா? முந்நூறு என்று வந்த எண்கள் இருநூறாகி, 2023 முதல் நூறும் சில்லறையுமாய்ச் சுருங்கின. 2024இல், அவர் முதன்முதல் ஆடிய பெங்களூரு அணியே அவரை 70 லட்சம் ரூபாய்க்கு எடுத்துத் தலைமையும் கொடுத்தது. அணி தோல்விமேல் தோல்வி கண்டது. 2025 ஏலத்தில் அவருடைய பெயர் வாசிக்கப்பட்டபோது ஒருவரும் விலை கூறவில்லை. அதன்பின் அவர் ஓய்வை அறிவித்தார்.

அமெரிக்காவில் ஜிம் பிரவுன் என்பவர் 1966இல், முப்பது வயதில், ஆட்டத்தின் உச்சியில் நிற்கும்போதே போதும் என்று விலகினார். பேரி சாண்டர்ஸ் 1999இல், பேட்டனின் சாதனைக்கு இன்னும் 1,457 கெஜமே பாக்கி இருக்கையில் விலகினார். அவர்கள் தாங்களே தேர்ந்துகொண்ட வாயிலின் வழியே வெளியேறினார்கள். பர்தீப்புக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. அணிக்காரர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. அவர்கள் அடுத்த பருவத்தின் வெற்றியைக் கருதுகிறவர்கள். ஆயினும் மூன்று கோப்பைகளை ஈட்டித் தந்த ஒருவர் ஓர் ஏலக் கூடத்தின் மௌனத்தின் வழியாக வெளியேற நேர்ந்தது என் நெஞ்சை வருத்துகிறது. அந்த வருத்தத்தை ஆற்றுவது ஒன்றே ஒன்றுதான்: எண்கள் இருக்கின்றன. விலை கூற ஒருவரும் இல்லாத அன்றும் 1801 என்பது 1801ஆகவே இருந்தது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய அந்த லீக், ஒவ்வொரு பாட்டையும், ஒவ்வொரு தொடுகையையும், ஒவ்வொரு பிடியையும் எழுதி வைக்க ஆள் நியமித்ததால் வந்த நன்மை அது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்னும் கிராமத்தில் பிறந்த கணேசன், காகித ஆலை ஒன்றின் அணிக்கும் பிறகு மின்சார வாரிய அணிக்கும் ஆடி, 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் இடம்பெற்று, அர்ஜுனா விருதும் பெற்றவர். பாட்டில் மகா சமர்த்தர் என்று தென்பாண்டி நாடே சொல்லும். அவருடைய வாழ்வைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன் காளமாடன்’ என்ற படம் 2025இல் வெளிவந்தபோது திரையரங்குகளில் இளைஞர்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். ஆனால் அவர் தம் வாழ்நாளில் எத்தனை தடவை பாடிப் போனார், எத்தனை பேரைத் தொட்டார், எத்தனை தடவை பிடிபட்டார் என்று கேட்டால் எடுத்து நீட்ட ஓர் ஏடு இல்லை. சர்வதேசத் தங்கம் வென்றவருக்கே இந்த நிலைமை என்றால், உப்பனாற்றங்கரைக் குப்பங்களிலும் பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் பண்ருட்டிப் பலாத்தோப்பு ஊர்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுகளாக இரவு விளக்கொளியில் பாடிய வீரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நம் ஊர்ப் போட்டிகளில் கணக்கு எழுதுகிறவரை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மேஜை ஓரத்தில், ஒலிபெருக்கிக்காரருக்குப் பக்கத்து நாற்காலியில், நீள நோட்டு ஒன்றை மடிமேல் வைத்துக்கொண்டு, புள்ளிக்கு ஒரு கோடு, ஐந்தாவது புள்ளிக்குக் குறுக்கே ஒரு கோடு என்று போட்டுக்கொண்டே வருவார். அணியின் பெயர் மேலே இருக்கும். ஆட்டக்காரன் பெயர் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்துப் போடுவார். சுழற்கோப்பையில் அணியின் பெயரைப் பொறிப்பார்கள். அந்தக் கோப்பையை வென்று கொடுத்த பையன் இன்று ஏதோ ஓர் ஆலையில் இரவு ஷிப்டில் வால்வு திருப்பிக்கொண்டிருப்பான். ஒரு ராத்திரியில் இருபத்திரண்டு புள்ளி எடுத்தவன் என்று அவனுடைய பிள்ளையிடம் காட்ட அவனிடம் ஒரு காகிதத் துண்டும் இல்லை.

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் மாவட்டத்திலேயே, பண்ருட்டியை அடுத்த ஓர் ஊரில், பாடிப் போன ஓர் இளைஞர் களத்திலேயே சரிந்து உயிர்விட்டார் என்ற செய்தியை நாம் மறந்துவிடவில்லை. அந்த உயிருக்கு ஈடு கட்ட எந்த ஏட்டாலும் ஆகாது. அதனால்தான் களத்தருகே முதலுதவி தெரிந்த ஒருவரையும் வண்டி ஒன்றையும் ஆட்டம் முடியும்வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று இந்த விழாக் குழுவினரை முதலிலேயே கேட்டுக்கொண்டேன்; வண்டி அதோ வேலியோரம் நிற்கிறது, அவர்களுக்கு என் நன்றி. தேகத்தை இவ்வளவு அபாயத்துக்கு ஒப்புக்கொடுக்கிற பிள்ளைகள், தாங்கள் செய்தது இன்னது என்று ஓரிடத்திலாவது எழுதியிருப்பதைக் காண உரிமை உடையவர்கள்.

சென்ற தலைமுறையில் ரயில்வேயும் மின்சார வாரியமும் பெரிய ஆலைகளும் ஆட்டக்காரர்களுக்கு உத்தியோகம் கொடுத்து அவர்களுடைய ஜீவனத்தைக் காத்தன. 1980களில் எழுந்த இந்தத் தொழிற்பேட்டையின் நிர்வாகங்களும், சுற்றூர்களில் நன்றாக ஆடுகிற பிள்ளை ஒருவனையாவது ஆண்டுதோறும் வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வர வேண்டுமென்று இம்மேடையிலிருந்து வேண்டிக்கொள்கிறேன். எவனை எடுப்பது என்று அவர்கள் கேட்டால், நாம் சிபாரிசுக் கடிதம் நீட்டக் கூடாது. கணக்கை நீட்ட வேண்டும்.

ஆகையால் இன்று இரவு தொடங்குகிற இப்போட்டியில், கணக்கு எழுதும் இரு நண்பர்களிடமும் ஆளுக்கொரு நோட்டைக் கொடுக்கிறேன். பக்கந்தோறும் கட்டம் போட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் பாடிப் போனவன் பெயரும் ஊரும், அடுத்ததில் தொட்டவர் எண்ணிக்கை, அதற்கடுத்து போனஸ், பிறகு, பிடிபட்டானானால் பிடித்தவர்களின் பெயர், கடைசிக் கட்டம் நானாகச் சேர்த்தது, வெளியே உட்கார்ந்தவனை மீட்டு உள்ளே அழைத்தவன் யார் என்பதற்காக. வெறுங்கையோடு திரும்பிய பாட்டையும் விடாமல் எழுத வேண்டும். போட்டி முடிந்ததும் ஒரு நோட்டு விழாக் குழுவினரிடம் இருக்கட்டும். மற்றொன்றைக் கடலூர் மாவட்ட மைய நூலகத்தில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்யலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து உடற்கல்வித் துறை மாணவர்கள் யாராவது பின்னொரு நாளில் இம்மாவட்டத்துக் கபடியை ஆராயப் புகுந்தால் அவர்களுக்கும் அது பயன்படும். முதலாட்டத்துக்கு அணிகள் தயாராகிவிட்டன, நடுவர் கைகாட்டுகிறார். பெயர்களைத் தலைப்பெழுத்தோடு பிழையில்லாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.